கிரிக்கெட் ஸ்கோரை வைத்து ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. யார் எத்தனை பந்தில் ஐம்பது அடித்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், சராசரி கணக்கைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். அந்த ஆர்வத்தைக் கணக்குப் பக்கம் திருப்ப முடியுமா என்பது முதல் கேள்வி. வகுப்பில் பாதிப் பேர், அதிலும் பெண் பிள்ளைகள் பலர், கிரிக்கெட்டே பார்ப்பதில்லை, அவர்களை என்ன செய்வது என்பது இரண்டாவது. இதையெல்லாம் செய்தால் போர்ஷன் முடியுமா என்பது மூன்றாவது. சுருக்கமான பதில்: முடியும், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் முடியாது. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பீரியடு போதும், அதற்கு மேல் இழுத்தால் சாயம் வெளுத்துவிடும்.

இந்த முறையைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது, புத்தகத்தில் "ஒரு கடைக்காரரிடம் 12 மாம்பழங்கள்" என்று இருப்பதை அடித்துவிட்டு "தோனி 12 சிக்ஸர்கள்" என்று எழுதுவது. பெயர்தான் மாறியது, கணக்கு அதே கணக்கு. முதல் நாள் பிள்ளைகள் கைதட்டுவார்கள், மூன்றாம் நாள் அதுவும் மாம்பழம் ஆகிவிடும். ஸ்கோர் கார்டு பாடமாவது, அது புத்தகத்தோடு இடிக்கிற இடங்களில். ஓவரில் வருகிற புள்ளி தசமப் புள்ளி இல்லை. பேட்டிங் சராசரி, புத்தகம் சொல்கிற கூட்டுச் சராசரி இல்லை. இரண்டு சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது மொத்தச் சராசரி இல்லை. இந்த மூன்று இடிப்புகளையும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி விட்டால் போதும். மீதியெல்லாம் அலங்காரம்தான்.

ஓவரிலிருந்து ஆரம்பிக்கலாம். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, மும்பை வான்கடே. இலங்கை 50 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 274. இந்தியா 48.2 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 277. இதைப் போர்டில் எழுதி, ஒருவரிடம் கால்குலேட்டரைக் கொடுத்து இந்தியாவின் ரன் ரேட்டை, அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்பதை, கேளுங்கள். 277 வகுத்தல் 48.2 என்று தட்டி 5.75 என்பார். ஸ்கோர் கார்டில் இருப்பதோ 5.73. கால்குலேட்டர் தப்பா, ஸ்கோர் கார்டு தப்பா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ".2 என்றால் ரெண்டு பால் சார்" என்று சொல்வார். அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதற்குப் பிறகு கணக்கு நேராக ஓடும். ஒரு ஓவருக்கு ஆறு பந்து, 48 ஓவருக்கு 288 பந்து, மேலே 2, ஆக 290 பந்து. 277 ரன்னை 290-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 5.73.

அடுத்த படி கூட்டல். ஒரு பந்துவீச்சாளர் முதலில் 3.4 ஓவர், பிறகு 2.5 ஓவர் வீசினார், மொத்தம் எவ்வளவு? வகுப்பில் பாதி 5.9 என்று எழுதும். "5.9 ஓவர் என்று எந்த டிவியிலாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் சிரிப்பு வரும், கூடவே புரிதலும் வரும். 22 பந்தும் 17 பந்தும் சேர்ந்தால் 39, அதாவது 6.3 ஓவர். கழித்தலில் இன்னும் நன்றாக மாட்டுவார்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் 13.4 ஓவர் முடிந்திருக்கிறது, மீதி எவ்வளவு என்றால் 6.6 என்று வரும். சரியான விடை 6.2. கடன் வாங்கும்போது பத்து வாங்குகிறோமா, ஆறு வாங்குகிறோமா என்பதுதான் முழுப் பாடமும். கட்டம் போட்ட நோட்டில் ஆறு கட்டத்துக்கு ஒரு வரிசை போடச் சொல்லி, பந்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் பின்தங்கிய பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. தசம எண்களில் இடமதிப்பு உறுதியாவதற்கு முன்னால் இதை நடத்தினால் இரண்டும் குழம்பும். 0.5 என்றால் ஆறில் ஐந்து என்று எடுத்துக்கொண்ட பிள்ளையை மீட்பது பெரிய வேலை. அதனால் தசம எண்கள் பாடத்தை முடித்து, அதில் சோதனையும் வைத்த பிறகுதான் ஓவருக்கு வாருங்கள். அதுவரை போர்டில் 48.2 என்று எழுதாமல் "48 ஓவர் 2 பந்து" என்றே எழுதுங்கள். பாடம் முடிந்த மறுநாள் கிரிக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, 5 அடி 4 அங்குலத்தை 5.4 அடி என்று எழுதலாமா, இரண்டரை மணி நேரத்தை 2.30 மணி என்று எழுதிப் பெருக்கலாமா என்று கேளுங்கள். அங்கே தப்பில்லாமல் சொன்னால்தான் பாடம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கிரிக்கெட்டில் மட்டும் சரியாகச் சொன்னால் அது கிரிக்கெட் அறிவு, கணக்கு அறிவு இல்லை.

இப்போது சராசரி. சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் ஒரே பீரியடில் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எண்வரிசை இல்லை: 2019 உலகக் கோப்பையில் ரோகித் சர்மா ஆடிய ஒன்பது இன்னிங்ஸ். 122, 57, 140, 1, 18, 102, 104, 103, 1. முதலில் பெயரைச் சொல்லாதீர்கள். ஒன்பது துண்டுச் சீட்டில் எண்களை எழுதி ஒன்பது பேரிடம் கொடுத்து முன்னால் வரிசையாக நிற்க வையுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக மாறி நிற்கச் சொல்லுங்கள். 1, 1, 18, 57, 102, 103, 104, 122, 140. இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் ஜோடி ஜோடியாகப் போய் உட்காரட்டும். கடைசியில் தனியாக நிற்பவர் கையில் 102. அதுதான் இடைநிலை அளவு. வரையறையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அடிக்கடி வந்த எண் எது என்று கேட்டால் 1 வைத்திருந்த இருவரும் கையைத் தூக்குவார்கள். ஐந்து சதம் அடித்தவரின் முகடு ஒன்று! இதைக் கேட்டு வகுப்பு சிரிக்கும்போதே, முகடு எப்போதும் கூட்டத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தாது என்பதைச் சொல்லிவிடலாம். சிரிப்பு அடங்கின பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

கூட்டினால் 648. ஒன்பதால் வகுத்தால் 72. இங்கே அவசரப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் எந்த ஆட்டத்திலாவது 72-க்குப் பக்கத்தில் அடித்தாரா? இல்லை. 57-க்கும் 102-க்கும் நடுவில் ஒரு ஸ்கோர்கூட கிடையாது. அப்படியென்றால் நடக்கவே நடக்காத ஒரு எண்ணை எதற்குச் சராசரி என்கிறோம்? 72-ஐவிட மேலே இருப்பவர்கள் தங்களிடம் எவ்வளவு அதிகம் என்று சொல்லட்டும்: 50, 68, 30, 32, 31. கூட்டினால் 211. கீழே இருப்பவர்கள் எவ்வளவு குறைவு என்று சொல்லட்டும்: 15, 71, 54, 71. அதுவும் 211. இந்தப் பக்கம் மிச்சம், அந்தப் பக்கம் பாக்கி, இரண்டும் சரிக்குச் சரி. சராசரி என்பது தராசு முள் நேராக நிற்கிற இடம் என்று இதைப் பார்த்த பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதிக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், குறைக்காதீர்கள்.

பெயரை இப்போது சொல்லலாம். சொன்னவுடன் விவரம் தெரிந்த ஒரு பையன் எழுந்து, "அந்த வேர்ல்டு கப்ல அவரோட ஆவரேஜ் 81 சார், 72 இல்ல" என்பான். அவன் சொல்வதும் சரிதான். முதல் ஆட்டத்தின் 122-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி உண்டு. அவர் அவுட் ஆகவில்லை. கிரிக்கெட்டில் ரன்னை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுப்பதில்லை, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறார்கள். 648 வகுத்தல் 8, ஆக 81. இரண்டில் எது சரி என்று விவாதம் கிளம்பும், கிளம்பட்டும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை என்பது ஒன்று, ஒரு முறை அவுட் ஆவதற்குள் எத்தனை என்பது மற்றொன்று. வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்று காட்ட தோனியின் ஒருநாள் கணக்கு இருக்கிறது. 297 இன்னிங்ஸ், அதில் 84 நாட் அவுட், 10,773 ரன். 213-ஆல் வகுத்தால் ஐம்பதுக்கு மேல், 297-ஆல் வகுத்தால் 36.27. தேர்வில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள்: புத்தகக் கேள்விக்கு மதிப்புகளின் கூடுதலை மதிப்புகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், நட்சத்திரம் கிடையாது. இதை ரஃப் நோட்டில் கட்டம் கட்டி எழுத வைக்காவிட்டால் பருவத் தேர்வில் யாராவது ஒருவர் எட்டால் வகுத்துவிட்டு வருவார், பழி உங்கள் மேல் வரும்.

அதே தோனி கணக்கில் ஒரு சின்ன உபரி லாபம். 10,773-ஐ 213-ஆல் வகுத்தால் 50.577 என்று போகும். முழுமையாக்கினால் 50.58 வர வேண்டும். ஆனால் கிரிக்கெட் இணையதளங்களில் 50.57 என்றுதான் பார்ப்பீர்கள். டெண்டுல்கரின் டெஸ்ட் சராசரியும் அப்படித்தான்: 15,921 வகுத்தல் 296 என்பது 53.787, போட்டிருப்பது 53.78. அவர்கள் முழுமையாக்குவதில்லை, மூன்றாம் இலக்கத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். முழுமையாக்கலுக்கும் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தர இது போதும். உங்கள் விடைக்கும் இணையதளத்துக்கும் 0.01 இடித்தால் வகுப்பில் மானம் போகாமல் இருக்கவும் இது உதவும்.

சராசரியிலிருந்து பின்னோக்கிப் போகும் கணக்குக்கு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மேன். 1948 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டில் இறங்கும்போது அவர் 6,996 ரன் எடுத்திருந்தார், 69 முறை அவுட் ஆகியிருந்தார். இந்த முறையும் அவுட் ஆனால், சராசரி சரியாக 100 ஆக எத்தனை ரன் வேண்டும்? 70 நூறு 7,000. வேண்டியது 4, அதாவது ஒரே ஒரு பவுண்டரி. எரிக் ஹோலிஸ் பந்தில் பூஜ்ஜியத்துக்குப் போல்டு ஆனார், சராசரி 99.94-இல் நின்றுவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி: அந்த இன்னிங்ஸில் பூஜ்ஜியம் எடுத்து, ஆனால் அவுட் ஆகாமல் இருந்திருந்தால்? 6,996-ஐ 69-ஆல் வகுத்தால் 101-க்கு மேல். வகுக்கும் எண் மாறுவதற்கும் வகுபடும் எண் மாறுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே வரியில் இருக்கிறது.

ஸ்டிரைக் ரேட்டைச் சதவீதப் பாடத்தோடு சேர்க்கலாம், ஆனால் அது சதவீதம் என்று சொல்லிவிடாதீர்கள். நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பதுதான் அது. ரன் பந்தின் பகுதி இல்லை, அதனால்தான் 100-ஐத் தாண்டிப் போகிறது. இங்கே வகுத்தலைவிட மதிப்பீடு முக்கியம். அதே 2011 இறுதிப் போட்டியில் கம்பீர் 122 பந்தில் 97. பேனாவைத் தொடாமல் சொல்லச் சொல்லுங்கள். 122-இல் பத்து சதவீதம் 12.2, எண்பது சதவீதம் 97.6, அதைவிடக் கொஞ்சம் குறைவு; ஆக 80-க்குக் கொஞ்சம் கீழே. உண்மை விடை 79.5. தோனி 79 பந்தில் 91. பந்தைவிட 12 ரன் கூடுதல், 80-இல் 12 என்றால் 15 சதவீதம், ஆக 115-க்குக் கொஞ்சம் மேலே. உண்மை விடை 115.19. மதிப்பீட்டை முதலில் எழுதாமல் கால்குலேட்டரைத் தொடக் கூடாது என்பதை வகுப்பு விதியாக வைத்தால், 1151.9 மாதிரி விடைகள் வருவது தானாகக் குறையும்.

மூன்றாவது இடிப்பும் இங்கேதான். ஒருவர் முதல் ஆட்டத்தில் 5 பந்தில் 10 ரன், ஸ்டிரைக் ரேட் 200. அடுத்த ஆட்டத்தில் 50 பந்தில் 50, ஸ்டிரைக் ரேட் 100. இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு? 150 என்று வகுப்பே கத்தும். 55 பந்தில் 60 ரன் என்று போட்டுப் பார்த்தால் 109. உடனே இதையே பள்ளிக்கூட வேஷத்தில் கொடுங்கள். ஏ பிரிவில் 40 பேர், சராசரி மதிப்பெண் 60. பி பிரிவில் 20 பேர், சராசரி 75. எல்லாருக்கும் சேர்த்து 67.5 இல்லை, 65. பெரியவர்களே வழுக்குகிற இடம் இது, மதிப்பெண் பட்டியல் கூட்டங்களில் தினம் நடக்கிறது.

நெட் ரன் ரேட்டை (ஓர் அணியின் ரன் ரேட்டிலிருந்து எதிரணியின் ரன் ரேட்டைக் கழித்தால் வருவது) எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏழில் முழுக்கள் நன்றாகப் பிடிபட்ட பிரிவு என்றால் முயலலாம். 2019 உலகக் கோப்பையில் நாட்டிங்காமில் பாகிஸ்தான் 21.4 ஓவரில் 105-க்கு ஆல் அவுட். வெஸ்ட் இண்டீஸ் 13.4 ஓவரில் 108 எடுத்து முடித்துவிட்டது. ஆல் அவுட் ஆன அணிக்கு ஆடிய ஓவரை எடுக்கக் கூடாது, முழு 50 ஓவரையும் எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் பாகிஸ்தானின் ரன் ரேட் 4.85 இல்லை, 2.10. எதிரணி 82 பந்தில் 108, ஆக 7.90. கழித்தால் -5.80. பிள்ளைகள் தப்பு செய்வது இரண்டு இடத்தில்: 21.4 ஓவரை அப்படியே எடுத்துக்கொள்வது, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும்போது குறியை விழுங்கிவிடுவது. லீக் சுற்று முடிவில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் ஆளுக்கு 11 புள்ளி. நியூசிலாந்து +0.175, பாகிஸ்தான் -0.430. அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் 0.255 என்று எழுதுவார்கள். எண்கோட்டில் பூஜ்ஜியத்தைத் தாண்டி நடக்க வைத்தால் 0.605 என்று வரும். "பாகிஸ்தான் நியூசிலாந்தை அந்தத் தொடரில் ஜெயித்ததே, அது நியாயமா?" என்று யாராவது கேட்டால், நியாயம் கணக்குப் பாடத்தில் வராது என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். தொடர் முழுவதற்குமான நெட் ரன் ரேட்டை ஆட்ட வாரியாகச் சராசரி எடுத்துக் கணக்கிட முடியாது, மொத்த ரன்னையும் மொத்த ஓவரையும் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மேலே பார்த்த 150-க்கும் 109-க்கும் நடுவிலான தகராறு அது.

கிரிக்கெட் பார்க்காத பாதி வகுப்புக்கு வருகிறேன். அடிப்படை விதி ஒன்று: கணக்குக்கு வேண்டிய எல்லாத் தகவலும் போர்டில் இருக்க வேண்டும். ஒரு ஓவர் ஆறு பந்து, நாட் அவுட் என்றால் இன்னது என்று இரண்டு வரி எழுதிவிட்டால் கிரிக்கெட்டே தெரியாத பிள்ளையும் கணக்குப் போடலாம். கிரிக்கெட் தெரிந்தவர் தெரியாதவர் என்று குழுவைப் பிரிக்காமல் கலந்து போடுங்கள். பார்க்காத பிள்ளைகளுக்கு ஒரு சாதகமும் உண்டு. விடை முன்பே மனதில் இல்லாததால் அவர்கள் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். இருந்தாலும் கிரிக்கெட் மட்டுமே போட்டால் அது பாதி வகுப்புக்கு அந்நியமாகத்தான் இருக்கும். மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர், டோக்கியோவில் 1.86, பாரிஸில் 1.85. இந்த மூன்றையும் எழுதிவிட்டு நான்காவதாக 1.9 என்று ஒன்றைச் சேர்த்து எது அதிக உயரம் என்று கேளுங்கள். 89 பெரியது, 9 சின்னது என்று 1.89-ஐக் காட்டுகிற பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் இருப்பார்கள். சதுரங்கத்தில் 2024 உலகப் பட்டத்தை குகேஷ் 7.5-க்கு 6.5 என்று வென்றார். மொத்தம் 14 ஆட்டம், அதில் 9 டிரா, டிராவுக்கு அரைப் புள்ளி. எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி? வெற்றியை க என்று வைத்தால் க + 4.5 = 7.5. மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. ஒருபடிச் சமன்பாட்டுக்கு இவ்வளவு சுத்தமான கணக்கு அபூர்வம்.

எல்லாவற்றையும்விட நல்ல தரவு பிள்ளைகள் தாங்களே எடுப்பது. விளையாட்டுப் பீரியடில் ஒரு கபடி ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர், ஓரத்தில் எண்ணுவதற்கு நாலு பேர். ஒவ்வொரு ரெய்டையும் தொட்டுத் திரும்பியது, போனஸ் மட்டும், வெறுங்கையோடு திரும்பியது, பிடிபட்டது என்று நாலு வரிசையில் நேர்க்கோட்டுக் குறி போடச் சொல்லுங்கள். ஐந்தாவது கோடு குறுக்கே. தொட்டதோடு போனஸும் எடுத்தால் எந்த வரிசை என்பதை ஆட்டத்துக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள், நடுவில் பேசினால் சண்டைதான். இரண்டு இரண்டு பேராகத் தனித்தனியாக எண்ணட்டும். ஆட்டம் முடிந்து ஒப்பிட்டால் இரண்டு கணக்கும் அநேகமாக ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதே தரவு சேகரிப்பின் முதல் பாடம், புத்தகத்தில் இது வருவதில்லை. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதும் சுலபம். பத்துப் பேர், ஆளுக்கு மூன்று முறை, அளவு நாடா ஒன்று போதும். வழக்கமாக வரும் தப்புகள்: நாடாவின் பூஜ்ஜியம் கோட்டில் இல்லாமல் நுனி வளையத்திலிருந்து அளப்பது, குதிகாலுக்குப் பதில் கால் விரலில் அளப்பது, அங்குலப் பக்கத்தைப் படிப்பது, 1 மீட்டர் 5 செ.மீ. என்பதை 1.5 என்று எழுதுவது. கடைசித் தப்பைத் தடுக்க முதலில் செ.மீ.யில் 105 என்று மட்டுமே எழுத வைத்து, வகுப்புக்கு வந்த பிறகு மீட்டருக்கு மாற்றுங்கள். எடை, உடல் அளவு போன்றவற்றைத் தரவாக எடுக்காதீர்கள், அது கேலிக்குத்தான் தீனி.

வகுப்பு எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொன்ன நிமிடம் தோனி பெரியவரா கோலி பெரியவரா என்று பத்து நிமிடம் போய்விடும். அதனால் எண்களை "அ", "ஆ" என்ற பெயரில் கொடுத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளைச் சொல்லுங்கள். நேற்றிரவு ஐபிஎல் ஸ்கோரைக் காலையில் அப்படியே கொண்டுவந்தால் எண்கள் முரண்டு பிடிக்கும். நீங்கள் வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்க்காத தரவை வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். பணம் கட்டி அணி தேர்ந்தெடுக்கிற செயலிகளின் புள்ளிகளை உதாரணமாகக்கூடத் தொட வேண்டாம். "ரெண்டு ஆட்டம் டக் (பூஜ்ஜியத்துக்கு அவுட்), அடுத்தது கண்டிப்பா அடிப்பான்" என்கிற பேச்சு வந்தால் அதைப் பாடமாக்கலாம்: நாணயத்தை இருபது முறை சுண்டி, தொடர்ந்து இரண்டு பூ விழுந்த ஒவ்வொரு முறையும் அடுத்து என்ன விழுந்தது என்று எழுதிப் பார்க்கட்டும்.

எது உறுதி, எது ஊகம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். தசமம், விகிதம், சதவீதம், முழுக்கள், எளிய சமன்பாடு, புள்ளியியல் ஆகியவற்றுக்கு விளையாட்டுத் தரவு நன்றாகப் பொருந்தும், அதில் சந்தேகமில்லை. வடிவியல், காரணிப்படுத்தல், முற்றொருமைகள் இவற்றுக்குள் கிரிக்கெட்டை இழுத்தால் செயற்கையாகத் தெரியும், பிள்ளைகள் அதை உடனே மோந்து பிடிப்பார்கள். கணக்கின் மேல் உள்ள பயம் இதனால் போகுமா என்பதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். கிரிக்கெட் மேல் உள்ள ஆசை தானாகக் கணக்கின் மேல் தாவாது. பயத்துக்குக் காரணம் வாய்ப்பாடும் வகுத்தலும் வராததாக இருந்தால், 648-ஐ ஒன்பதால் வகுக்கும் இடத்திலும் அதே பயம்தான் வரும். அந்தப் பிள்ளைக்குத் தேவை வகுத்தல் பயிற்சி, ஸ்கோர் கார்டு இல்லை.

போர்ஷன் விஷயம்: இதைத் தனிப் பாடமாக வைக்காதீர்கள், அந்தந்தப் பாடத்தின் கடைசி இரண்டு பீரியடுக்குப் பதிலாக வையுங்கள். புத்தகப் பயிற்சிக் கணக்குகளில் ஒரே மாதிரி வருவதில் சிலவற்றை வீட்டுப்பாடத்துக்குத் தள்ளினால் அந்த நேரம் கிடைத்துவிடும். ஒவ்வொரு விளையாட்டுக் கணக்குக்கும் அடுத்த இரண்டு நாளுக்குள் அதே கணக்கை வேறு உடுப்பில், பால் கணக்காகவோ மழையளவாகவோ பேருந்து நேரமாகவோ ஒரு முறை கொடுத்துவிடுங்கள்.

யாருக்குப் புரிந்தது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு அணி 7.4 ஓவரில் 46 ரன் எடுத்தது, ரன் ரேட் என்ன? 6.22 என்று எழுதினால் 7.4-ஐத் தசமமாக எடுத்திருக்கிறார், ஓவர் பாடத்தை அவருக்கு மறுபடி நடத்துங்கள். 7.67 என்று மாற்றி வகுத்து 5.99 அல்லது 6 என்று வந்தால் முழு மதிப்பெண். எந்தக் கணக்கும் போடாமல் "46 பந்தில் 46 ரன், அதனால் 6" என்று ஒரு வரி எழுதியிருந்தால், வழிமுறை இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரிதான் வழிமுறை.